குளத்தின் அட்டவணையும் கணினியின் அணியும்

மாரிகாலத்தில் வன்னியில் இருவர் சந்தித்தால் முதற்பேச்சு குளத்தைப் பற்றியதாகவே இருக்கும். "எத்தனை அடி நிற்கிறது?" என்று ஒருவர் வினவுவார். "இருபத்தெட்டு" என்று மற்றவர் விடையிறுப்பார். எந்தக் குளம், எதன் அடி என்று எவரும் விளக்கம் கேட்பதில்லை. கிளிநொச்சியில் அது இரணைமடு. பாண்டியன்குளத்துப் பக்கம் அது வவுனிக்குளம். ஒட்டுசுட்டான் பக்கம் அது முத்தையன்கட்டு. துருசடியில் நாட்டிய அளவுகோலின் ஓர் எண்ணைக் கொண்டே அந்த ஆண்டின் சிறுபோகம் எத்தனை ஏக்கர், எவர் வயலுக்குத் தண்ணீர் எட்டும், எவர் வயல் தரிசாகக் கிடக்கும் என்பன முடிவாகின்றன.

ஆயினும் அளவுகோல் காட்டுவது ஆழமேயன்றி நீரின் அளவன்று. குளம் கிணற்றைப் போல நேர்ச்சுவர் உடையதன்று. அடியில் ஒடுங்கி மேலே விரிவது. ஆகையால் பத்தாம் அடியில் ஏறும் ஓரடி நீரும் முப்பதாம் அடியில் ஏறும் ஓரடி நீரும் ஒன்றாகா. இத்தனை அடிக்கு இத்தனை ஏக்கர் அடி நீர் என்று காட்டுவதற்கு ஓர் அட்டவணை வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்திய இரணைமடுக் குளமும், அதனை நம்பி 1936இல் உருவான கிளிநொச்சிக் குடியேற்றமும் இத்தகைய அட்டவணையின் மேல்தான் நின்றன என்றால் அது மிகையன்று. குளம் பின்னர்ப் பலமுறை உயர்த்தப்பட்டு ஏறத்தாழ 1,06,500 ஏக்கர் அடி கொள்ளளவை எய்தியபோதும், ஒவ்வொரு முறையும் அட்டவணை புதிதாகக் கணிக்கப்பட வேண்டியதாயிற்று.

அதனைக் கணிக்கும் முறை அரியதன்று. குளத்தின் படுக்கையை அளந்து, அடிக்கொரு சமவுயரக்கோடு வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அடங்கும் பரப்பைக் காண்பர். அடுத்தடுத்த இரு பரப்புகளின் சராசரியே அவ்வோரடியில் நிற்கும் நீர். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சென்றால் கொள்ளளவு கிடைக்கும். ஒரு சிறு கிராமக் குளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் பரப்பு, அடியிலிருந்து ஆறடி வரை, முறையே 0, 20, 44, 72, 104, 140, 180 ஏக்கர் என்க. கூட்டிப் பார்த்தால் 470 ஏக்கர் அடி நீர் வரும். இதனைப் படியெடுத்த எழுத்தர் ஒருவர் 104 என்பதை 140 என்று இடமாற்றி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது விடை 506. இந்த 506ஐக் கண்டு எவரேனும் ஐயுறுவரா? ஐயுறார். அது எல்லா வகையிலும் ஒரு குளத்தின் கொள்ளளவு போலவே தோற்றமளிக்கிறது. ஆனால் இல்லாத 36 ஏக்கர் அடி நீரை அது இருப்பதாகச் சொல்கிறது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு நான்கு ஏக்கர் அடி நீர் என்று கொண்டால், ஒன்பது ஏக்கர் பயிர் கதிர் முற்றும் வேளையில் நீரின்றி நிற்கும்.

பிழை விடையில் இல்லை. விடைக்கு முன்னே நின்ற வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையைத் திறந்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முன்னுள்ள எண்ணைக் கழித்துப் பார்த்தால் கள்வன் உடனே அகப்படுவான். சரியான வரிசையில் வேறுபாடுகள் 20, 24, 28, 32, 36, 40 என்று படிப்படியாக ஏறுகின்றன. பிழைபட்ட வரிசையிலோ 20, 24, 28, 68, 0, 40. நான்காம் அடிக்கும் ஐந்தாம் அடிக்கும் இடையில் குளம் சிறிதும் விரியவில்லையாம்! வயலில் நிற்பவனும் அதனை நம்பான்.

எண் வரிசையை இவ்வாறு வேறுபாட்டால் சோதிப்பது கணிதர்க்குப் பழகிய கலை. 1821இல் சார்ல்ஸ் பாபேஜும் ஜோன் ஹேர்ஷலும் வானியல் அட்டவணைகளை ஒப்புநோக்க அமர்ந்தனர். இருவேறு கணிப்போர் தனித்தனியே ஆக்கிய எண்கள் அவை. பிழைக்குமேற் பிழை கண்டு சலித்த பாபேஜ், இவற்றை நீராவி கொண்டு கணிக்க இயலாதா என்று ஏங்கினார் என்பர். அந்தச் சலிப்பிலிருந்தே அவருடைய வேறுபாட்டுப் பொறி என்னும் எண்ணம் பிறந்தது. பொறி கணித்தால் பிழை நேராது என்பது அவர் நம்பிக்கை. பொறியும் பிழை செய்யும், அல்லது பொறிக்குக் கட்டளையிடும் மனிதன் பிழை செய்வான் என்பதை உலகம் அறிய மேலும் 125 ஆண்டுகள் ஆயின.

1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பெருங்கணினிக்கு இருபது எண்தேக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நின்ற எண்ணைச் சிறு நியோன் விளக்குகள் எரிந்து காட்டின. அதனை இயக்கியவர் ஆறு இளம்பெண்கள். கணிப்பில் ஐயம் எழுந்தால், கட்டளை செல்லும் வடத்தை ஓரிடத்தில் பிடுங்கிவிடுவர். கணிப்பு அங்கே நின்றுவிடும். விளக்குகளோ அவ்வேளையின் எண்களைக் காட்டியவாறு எரிந்துகொண்டிருக்கும். கையாற் கணித்து வைத்த தாளோடு ஒப்பிட்டு, எந்தப் படியில் எண் பிறழ்ந்தது என்று காண்பர். இன்று செய்நிரலாளர் நிறுத்தப்புள்ளி என்று வழங்கும் உத்தி இதுவே. அதனை வகுத்த பெருமை அவருள் ஒருவரான பெட்டி ஹோல்பர்டனுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. பொறிக்குள் விட்டில் ஒன்று அகப்பட்ட கதையை எல்லாரும் சொல்வர்; வடம் பிடுங்கிய கதையை ஒரு சிலரே சொல்வர். கணிப்பு வரலாற்றுக்குப் பின்னது பெரிது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் 6ஆம் நாள் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினி வன்னி மக்களுக்கு ஒரு வகையில் நெருங்கியது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களால் ஆனது. எண்கள் ஒலியலைகளாகப் பாதரசத்தினூடே ஓடி, மறுமுனையை எட்டியதும் மீண்டும் தொடக்கத்துக்கு அனுப்பப்பட்டு, சுழன்றுகொண்டேயிருந்தன. அக்குழாயை அவர்கள் 'டாங்க்' என்று அழைத்தனர். இலங்கையில் ஆங்கிலேயர் குளத்துக்கு வழங்கிய அதே சொல்! ஒவ்வொரு குளத்திலும் 16 எண்கள். கணினியின் முன்னே ஒரு சிறு திரை இருந்தது. வேண்டிய குளத்தைத் தெரிந்துகொண்டால் அதில் நிற்கும் எண்கள் சிறு புள்ளியும் பெரும் புள்ளியுமாகத் திரையில் தோன்றும். செய்நிரல் தவறினால் அதனை எழுதியவர் திரையின்முன் குனிந்து புள்ளிகளை எட்டிப் பார்ப்பார். துருசடியில் குனிந்து அளவுகோலைப் பார்ப்பவரின் தோற்றம் அது.

அக்கணினியை ஆக்கிய மோரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம் செய்நிரலிலேயே வழுத்தேடுவதில் கழியப்போகிறது என்னும் உண்மை ஒருநாள் படிக்கட்டில் நின்றபோது தமக்கு உறைத்ததாகப் பின்னாளில் எழுதினார். அவர் எழுதிய தொடக்ககாலச் செய்நிரல் ஒன்றின் துளைநாடா பின்னர்க் கிடைத்தது. வரலாற்றாசிரியர் மார்ட்டின் கேம்பெல்-கெல்லி 1992இல் அதனை ஆராய்ந்து, 126 வரிகளில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன என்று காட்டினார். கணினியை ஆக்கியவருக்கே அந்த நிலை என்றால் மற்றையோரைக் குறை கூறுவதற்கில்லை.

எட்டிப் பார்ப்பதில் ஒரு குறை இருந்தது. ஒருவர் திரையின்முன் நின்று சிந்திக்கும் நேரம் முழுதும் விலையுயர்ந்த பொறி சும்மா கிடந்தது. ஆகவே அவ்வழக்கம் விலக்கப்பட்டது. மாற்றாக, செய்நிரல் தவறியதும் நினைவகத்தின் ஒரு பகுதியைத் தாளில் அச்சிட்டுத் தரும் துணைநிரல்கள் எழுந்தன. அதற்குப் பிணப்பரிசோதனை என்று பெயரிட்டனர். ஸ்டான்லி கில் என்னும் இளைஞர் 1951இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு கட்டளையும் நிறைவேறும்போதே அதன் தடத்தை அச்சிடும் முறையையும் விளக்கினார். உயிரோடிருக்கும்போது நாடி பிடிப்பதா, இறந்தபின் அறுத்துப் பார்ப்பதா என்னும் வினா அன்று தொடங்கியது; இன்றும் தீரவில்லை.

1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட போர்ட்ரான் மொழி, எண் வரிசைக்கு ஒரு பெயரிட்டு அதன் உறுப்புகளைச் சுட்டெண்ணால் அழைக்கும் வசதியைத் தந்தது. நம் பாடநூல்கள் அதனை அணி என்கின்றன. படைவீரர் அணிவகுத்து நிற்பது போல எண்கள் நிற்கும். குளத்தின் அட்டவணை முழுவதையும் ஒரே பெயரால் அழைக்கலாயிற்று. நன்மை பெரிது, ஆனால் பெயருக்குப் பின்னே எண்கள் மறைந்துகொண்டன. 1966இல் கெனத் ஐவர்சன் வகுத்த ஏ.பி.எல். மொழி நடைமுறைக்கு வந்தபோது நிலை மாறியது. அணியின் பெயரைத் தட்டச்சுச் செய்தாலே போதும். அதன் எண்கள் அனைத்தும் அப்பொழுதே தாளில் வந்து விழும். 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர், மாணவர் போர்ட்ரான் எழுதி வருந்தாமல் தாயக் கணிப்புச் செய்யும்பொருட்டு மாட்லாப் என்பதனை ஆக்கினார். அதில் 'யார்' என்னும் பொருள்தரும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கட்டளையாக இட்டால், நினைவகத்தில் எந்தெந்த அணிகள் இருக்கின்றன என்று அது பட்டியலிடும். வீட்டு வாயிலில் நின்று "யார் உள்ளே?" என்று கேட்பது போன்றது அது.

மாட்லாப் 1984இல் வணிகப் பொருளாயிற்று. விலை கொடுக்க வேண்டும். 1992இல் ஜோன் ஈட்டன் எழுதத் தொடங்கிய ஆக்டேவ் என்னும் செயலி ஏறத்தாழ அதே மொழியை எவருக்கும் இலவசமாகத் தந்தது. அதன் சாளர முகப்பில் அணிகளைக் கட்டங்களாகத் திறந்து பார்க்கும் மாறித் தொகுப்பி 2018இன் 4.4ஆம் பதிப்பில் வந்து சேர்ந்தது. பைதான் மொழியின் நம்பை நூலகம் 2006இல் முதற் பதிப்பை எய்தியது. வவுனியாப் பம்பைமடுவில் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக விளங்கி 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்த பொறியியற் பீடத்திலும் பயிலும் தலைமுறைக்கு, கணிப்பு என்றால் இத்தகைய கருவிகள்தாம். பிள்ளைகளின் மடிக்கணினியில் இன்று குளத்தின் அட்டவணையும் முப்பது ஆண்டின் மழையும் இரண்டொரு அணிகளாக அடங்கிவிடுகின்றன.

அங்கேதான் வன்னிக்கே உரிய ஓர் இடர் எதிர்ப்படுகிறது. 1980களில் மூண்டு 2009 மேயில் முடிவுற்ற போர்க்காலத்தில் வடபுலத்தின் மழைப்பதிவுகள் பல இடங்களில் அறுந்தன. மழை பெய்தது, அளப்பவர் இடம்பெயர்ந்திருந்தார். பதிவேட்டில் அந்த மாதங்கள் வெற்றிடம். இவ்வெற்றிடத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? மழை ஒருபோதும் குறை எண்ணாகாது என்பதால், 'பதிவு இல்லை' என்பதற்கு −99 என்று இடுவது பழைய வழக்கம். மனிதன் பார்த்தால் உடனே விளங்கிக்கொள்வான். கணினி அதனை ஓர் எண்ணாகவே கூட்டும். முப்பது ஆண்டின் நவம்பர் மழையை நோக்குவோம். இருபத்தொன்பது ஆண்டுகளின் சராசரி 250 மில்லிமீற்றர், ஓராண்டு −99 என்று கொண்டால் கணினி தரும் சராசரி 238. இதில் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் அணியின் மிகச்சிறிய எண் யாது என்று ஒரு வரியில் கேட்டுவிட்டால் −99 வெளியே வந்து நிற்கும்.

இந்த இடருக்கு மாற்றாக 1985இல் வகுக்கப்பட்ட கணினி எண்முறைத் தரம், 'எண் அன்று' என்னும் சிறப்புக் குறியைத் தந்தது. அது நேர்மையானது, தான் தொட்ட கூட்டுத்தொகை எல்லாவற்றையும் 'எண் அன்று' ஆக்கிவிடும். ஒரு மாதம் இல்லையேல் ஆண்டும் இல்லை, ஆண்டு இல்லையேல் சராசரியும் இல்லை என்று அது பிடிவாதம் பிடிக்கும். அதற்கு இன்னொரு விந்தைக் குணமும் உண்டு: தன்னோடு தானே சமமாகாது. ஆகவே 'இதற்குச் சமமானவை எங்கே' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அதனைத் தேடத் தனிக் கட்டளை வேண்டும். இப்பிடிவாதத்தைப் பொறாத சிலர் வெற்றிடங்களையெல்லாம் சுழியமாக்கிவிடுவர். அது எல்லாவற்றிலும் கொடியது. இடப்பெயர்வு நடந்த மாதம் வறட்சி மாதமாக மாறிவிடுகிறது. குளம் உள்ளதைவிட வறியதாகத் தோன்றுகிறது.

வெற்றிடங்களை நீக்கிவிட்டு மீந்தவற்றை நெருக்கி அடுக்குவோரும் உளர். அப்போது மாதங்கள் இடம்பெயரும். அதுபோலவே சனவரியில் தொடங்கும் ஆண்டுப் பதிவை, ஒக்டோபரில் தொடங்கும் நீர்ப்பாசன ஆண்டின் அணியில் அப்படியே ஊற்றினால், நவம்பர் மழை ஆகத்துக் கட்டத்தில் போய் விழும். மாதச் சராசரி பன்னிரண்டையும் திரையில் இட்டுப் பார்த்தால், கணிதம் அறியாத விவசாயியே நகைப்பார்: ஆடி ஆவணியில் வான் பாயுமா? அணியைப் பார்ப்பதற்குக் கண் மட்டும் போதாது; எதிர்பார்ப்பும் வேண்டும். ஊரறிந்தவனிடம் அது மிகுதியாக உண்டு.

அணியின் உருவத்தை முதலிற் கேட்பது நல்வழக்கம். பன்னிரண்டு நிரையும் முப்பது நிரலுமா, முப்பது நிரையும் பன்னிரண்டு நிரலுமா? நிரையும் நிரலும் மாறிக் கிடந்தால், மாதச் சராசரி என்று கேட்டு ஆண்டுச் சராசரியைப் பெறுவோம். கணினி ஒரு குறையும் சொல்லாது. அடுத்து அலகு. இரணைமடுவின் 1,06,500 ஏக்கர் அடி என்பது மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 131 மில்லியன் கனமீற்றர். பழைய ஏடுகள் முன்னதில், புதிய ஏடுகள் பின்னதில். இரண்டும் ஒரே அணியில் கலந்துவிட்டால், மிகப்பெரிய எண்ணையும் மிகச்சிறிய எண்ணையும் அருகருகே பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இக்காலக் கருவி நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்யும் இடமும் உண்டு. நம்பையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்களுடைய அணியைத் திரையில் இடச் சொன்னால், முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் காட்டி, நடுவே மூன்று புள்ளிகளை இட்டு முடித்துவிடும். முப்பது ஆண்டின் நாள்மழை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எண்கள். போருக்கு முந்திய மூன்று நாளும் அண்மைய மூன்று நாளும் ஒழுங்காகத் தோன்றும். அறுந்துபோன பகுதி முழுவதும் அந்த மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். எட்சாக்கின் திரைமுன் குனிந்தவர் பதினாறு எண்களையேனும் முழுதாகக் கண்டார்.

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதை இரணைமடுவே காட்டியிருக்கிறது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வகுக்கப்பட்ட திட்டம், இக்குளத்து நீரின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்ல எண்ணியது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். குளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நிறைகிறது, மழை பொய்த்த ஆண்டில் சிறுபோகத்துக்கு என்ன மிஞ்சும் என்பதே வாதத்தின் உயிர்நாடி. குடிநீருக்கு ஏங்கிய குடாநாட்டாரின் பக்கமும் நியாயம் இருந்தது. வயலை நம்பியவர் பக்கமும் இருந்தது. பின்னர்த் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 2018 டிசம்பரில் நிலை நேர்மாறாயிற்று. 21ஆம், 22ஆம் நாள்களில் கொட்டிய பெருமழையில் குளம் பெருகி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கீழ்நிலத்து ஊர்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. கதவுகள் திறந்த நேரம் பற்றிப் பின்னர் வாதம் எழுந்தது. வறட்சியில் கேட்ட வினாவும் வெள்ளத்தில் கேட்ட வினாவும் ஒரே அட்டவணையைத்தான் தொட்டன: இத்தனை அடிக்கு எத்தனை நீர்?

அந்த அட்டவணையை அணியாக்கும்போது கடைசியாக ஒரு சிறு பொறி காத்திருக்கிறது. அளவுகோல் சுழியத்தில் தொடங்குகிறது. பைதானின் சுட்டெண்ணும் சுழியத்தில் தொடங்குவதால், 34ஆம் அடிக்கு 34ஆம் உறுப்பைக் கேட்டால் சரியாக வரும். ஆக்டேவிலோ எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும். அங்கே 34ஆம் உறுப்பு 33ஆம் அடியின் நீர். குளம் நிறைமட்டத்தை அண்டும்போது ஓரடி என்பது ஆயிரக்கணக்கான ஏக்கர் அடி. கணினி எச்சரிக்கை தராது; கேட்டதைக் கொடுத்துவிட்டு வாளாவிருக்கும். ஆகவே அனுபவமுடையோர் அடியை ஒரு நிரலாகவும் நீரை அதன் பக்கத்தில் மற்றொரு நிரலாகவும் இட்டு, இரண்டையும் சேர்த்தே திரையில் கொணர்வர். பழைய அச்சு அட்டவணையை மடியில் விரித்து, ஓரிரு நிரைகளை விரலால் தொட்டு ஒப்புநோக்கிய பின்னரே அடுத்த வரியை எழுதுவர்.